பேரிங் சேதம்

அமெரிக்காவில் புல் வளர்ந்தால் குற்றம். சத்தியமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் வாசலில் புல் முளைத்தால் பக்கத்து வீட்டு மாடு வந்து பார்த்துக்கொள்ளும். அங்கே நகரசபை பார்த்துக்கொள்கிறது. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சில ஊர்களில் எட்டு அங்குலம், சில ஊர்களில் பத்து, இன்னும் சில இடங்களில் பன்னிரண்டு. அதற்கு மேல் புல் தலை நிமிர்ந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ். கண்டுகொள்ளாமல் இருந்தால் அவர்களே ஆள் விட்டு வெட்டிவிட்டு, பில்லை நம் தலையில் கட்டுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது 2023 மே மாதம். ஒஹாயோவில் இருக்கும் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மாவுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம். அப்பாவுக்கு விமானம் என்றாலே ஆகாது. "அத்தனை மணி நேரம் ஒரே சேர்ல உக்கார்றதுக்கு நான் என்ன சாமி சிலையா?" என்று கழன்றுகொண்டார்.

ஆபீஸ் கிடையாது, கல்யாணம் கிடையாது, ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு நாதியும் கிடையாது என்கிற மூன்று தகுதிகளோடு குடும்பத்தில் ஒருவன் இருந்தான். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். லீவ் லெட்டர் கொடுக்க வேண்டாத ஒரே ஆள். ஆகவே அம்மா, பிரசவ லேகியம், ஆறு கிலோ அரிசி முறுக்கு சகிதம் அடியேன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தேன்.

மச்சான் வீடு ஊருக்கு வெளியே. வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல். அதை வெட்டுவதற்கு குட்டி டிராக்டர் மாதிரி ஒரு வண்டி. ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியது. வண்டியின் வயிற்றுக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட பெரிய தாம்பாளம் மாதிரி 42 அங்குல அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு தொங்கும். அதற்கு டெக் என்று பெயர். தட்டுக்குள்ளே இரண்டு பிளேடுகள், சீலிங் ஃபேன் இறக்கை மாதிரி படுத்தவாக்கில் சுற்றும். ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு தண்டு. அதுதான் ஸ்பிண்டில். தண்டின் கீழ் நுனியில் பிளேடு, மேல் நுனியில் புல்லி. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட், புல்லியைச் சுற்றும். தண்டு ஆடாமல் சுழல்வதற்கு மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். இவ்வளவுதான் சமாசாரம்.

ஒரு சனிக்கிழமை காலை. மச்சான் வண்டியைக் கிளப்பி பிளேடைச் சுற்ற விட்டார். 'ஊ...' என்று ஓர் ஓலம். பஞ்சாலைச் சங்கு கெட்டது போங்கள். இரண்டு மணி நேரம் பாடுபட்டுத் தூங்க வைத்த பத்து நாள் குழந்தை, அதற்கு எதிர்ப்பாட்டு பாட ஆரம்பித்தது.

அக்கா ஜன்னலைத் திறந்தாள். "அந்தக் கருமத்தை நிறுத்தறீங்களா, இல்ல நான் பிள்ளையைத் தூக்கிட்டு கோயமுத்தூர் போகட்டுமா?"

நிறுத்தினார். மச்சான் சாஃப்ட்வேர். "பெல்ட்டா இருக்கும் மாப்ள" என்றார், வைரஸ் என்று சொல்கிற அதே தோரணையில்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டேன். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றினேன். இடது பக்கப் புல்லியைக் கையால் சுற்றினேன். வெண்ணெய். வலது பக்கம் சுற்றினேன். நறநற. சோற்றில் கல் மாட்டின மாதிரி. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஸ்பிண்டில் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு இன்னொரு தரம் சுற்றினேன்.

"பேரிங் போச்சு மச்சான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பி.காம். தானே?"

* * *

பி.காம். தான் ஸார். ஆனால் அப்பா கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். கிரைண்டர் மோட்டார், கிணற்று மோட்டார், மில் மோட்டார் எல்லாம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை, கழற்றிய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவுவது. பத்தாவதுக்கு மேல் அப்பா என்னை உள்ளே விடவில்லை. "கை கறுக்காத வேலைக்குப் போ கண்ணு" என்று காமர்ஸில் சேர்த்துவிட்டார். கை கறுக்காமலே படித்து, ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கை கறுக்காமலே உட்கார்ந்தேன்.

2016-ல் ஒரு நாள், முதல் தடவையாக, "பட்டறைக் கணக்கைக் கொஞ்சம் பாரு சாமி" என்று நீள நோட்டை நீட்டினார். மூலைகளில் மஞ்சள் தடவிய நோட்டு. உள்ளே ஓரமாக ஒரு பத்தி. தலைப்பு: 'பேரிங் சேதம்'. மாதா மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. மார்ச்சில் மட்டும் 3,840 ரூபாய்!

சிவப்பு மையில் வட்டம் போட்டேன். "என்னப்பா இது? திருட்டா, கவனக்குறைவா?"

"சேதந்தான்" என்றார்.

மேலே கேட்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் இன்னும் பெரிய கண்டுபிடிப்பு இருந்தது. பட்டறை இருந்தது சொந்தக் கட்டடம். மெயின் ரோடு. வாடகைக்கு விட்டால் 18,000 வரும். பட்டறையின் மாத லாபமோ 11,000. அதிலும் அப்பாவின் சம்பளம் என்று தனியாக ஒரு பைசா எழுதவில்லை. மடமடவென்று காகிதத்தில் போட்டுக் காட்டி, இன்றைக்கும் என் காதில் கேட்கும் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"அப்பா, நீங்க வேலை செஞ்சா மாசம் ஏழாயிரம் நஷ்டம். சும்மா இருந்தா லாபம்."

ஆடிட்டர் ஆபீஸில் இப்படிச் சொன்னால் கைகுலுக்குவார்கள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஆடி பிறப்பதற்குள் பட்டறையை மூடிவிட்டார். பையன்களுக்கு வேறு இடங்களில் வேலை பார்த்துக் கொடுத்தார். கட்டடத்தில் பேக்கரி வந்தது. தேதி ஒன்றானால் வாடகை டாண் என்று வந்துவிடும். என் கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை.

அப்பா தினமும் சாயங்காலம் அந்த பேக்கரிக்குப் போவார். தன் கட்டடத்தில், தன் லேத் இருந்த மூலையில் நின்று, காசு கொடுத்து டீ குடித்துவிட்டு வருவார்.

அதற்கப்புறம் எங்கள் பேச்சு வார்த்தை எல்லாம் மூன்று வரியில் முடிகிற ரொக்கப் புத்தகம். "சாப்ட்டியா?" "ம்." "நீங்க?" "ம்." குளோஸிங் பேலன்ஸ்: நில். ஏழு வருஷம் இப்படியே. நடுவில் ஆடிட்டர் ஆபீஸையும் விட்டுவிட்டு எழுத வந்தேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவர் கணக்குப் போடவே இல்லை.

* * *

"மாமாவையே கேட்டுருவோமே" என்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டவர் மச்சான்தான். அங்கே காலை ஒன்பதரை என்றால் கோவையில் மாலை ஏழு மணி. முதலில் சீலிங் ஃபேன் தெரிந்தது. அப்புறம் பாதி நெற்றி.

"என்ன சாமி, குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. ஒரு பேரிங்..."

ஒரு விநாடி நிசப்தம். நெற்றி கீழே இறங்கி முழு முகமும் வந்தது.

"என்ன நம்பர்?"

டெக்கை வண்டியிலிருந்து கழற்றினால்தான் நம்பர் தெரியும். அதற்கு முன்னால் மச்சானைப் பார்த்து அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் மாப்பிள்ளை, தண்ணி கிண்ணி அடிச்சீங்களா?"

மச்சான் வெளிறிவிட்டார். "ஐயோ இல்லீங் மாமா... எப்பவாவது ஆபீஸ் பார்ட்டியில... அதுவும் ஒரே ஒரு..."

"வண்டிக்குங்!"

வண்டிக்கு அடித்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ஆயுத பூஜைக்கு லாரி கழுவுகிற சிரத்தையோடு, பிரஷர் வாஷரை டெக்கின் அடியில் நீட்டிப் பீய்ச்சியிருந்தார். அந்த வேகத்துக்கு பேரிங்கின் ரப்பர் மூடி எல்லாம் எம்மாத்திரம்? தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் மோராகும், குண்டுகளில் துரு ஏறும். மச்சானின் வண்டி அக்கறையில்லாமல் கெடவில்லை. அக்கறையாலேயே கெட்டது. புல்லின் ஈரமும் கல்லின் அடியும் முதலில் வாங்குவது கீழ் பேரிங் என்பதால், பெரும்பாலும் அதுதான் முதலில் போகும்.

பெல்ட் எந்த வழியாக எந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று முதலில் போட்டோ எடுக்கச் சொன்னார் அப்பா. ("கழட்டும்போது எல்லாரும் புத்திசாலி. மாட்டும்போதுதான் தெரியும்.") டெக்கை உருவிக் கவிழ்த்தோம். அடியில் நாலு வருஷத்துப் புல் வறட்டியாகத் தட்டியிருந்தது. தண்டைச் சுற்றி ஒரு கயிறு. அக்காவின் ஐந்து வயது மூத்தவன் ஓடி வந்து, "இது என்னோட பட்டக் கயிறு!" என்று சொந்தம் கொண்டாடினான்.

பிளேடு சுற்றாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து போல்ட்டைத் திருகினேன். அசையவில்லை. துரு கரைக்கும் எண்ணெயை விட்டு ஊற வைத்து, ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கினேன். 'டக்' என்று விட்டது. எனக்கும் கீழே விழ ஒரு சந்தர்ப்பம். தண்டைத் தட்டி வெளியே எடுத்தபின் உள்ளே பார்த்தால், ரப்பர் மூடியில் பொடி எழுத்தில்: 6203 2ஆர்எஸ்.

அப்பா சிரித்தே விட்டார். "அட, 6203! நம்ம மோட்டார்ல எத்தனை போட்டிருப்போம்!"

இந்த நம்பரில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைசி இரண்டு எண்கள்தான் உள்வட்டத்தின் அளவு. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. நாலிலிருந்து ஐந்தால் பெருக்க வேண்டியது. 04 என்றால் 20, 05 என்றால் 25. ஆக 6203-க்கு உள்ளே 17, வெளியே 40, கனம் 12 மில்லிமீட்டர். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. அங்குலத்தையும் மைலையும் விடாமல் கட்டிக்கொண்டு அழும் தேசத்தில், புல் வெட்டும் வண்டிக்குள் மட்டும் மில்லிமீட்டர் கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கணபதியில் கேட்டாலும் ஒஹாயோவில் கேட்டாலும் 6203 ஒன்றுதான்.

மச்சான் செல்போனில் தேடி, "மாமா, இந்த ஸ்பிண்டில் செட்டே மொத்தமா கிடைக்குதுங். ஒரு வாரத்துல வந்துரும்" என்றார்.

"ஓடு ஒண்ணு உடைஞ்சா வீட்டையே இடிப்பீங்களா மாப்பிள்ளை?"

தவிர, ஒரு வாரத்தில் புல் நகரசபை அளவுக்கு வளர்ந்துவிடும். பேரிங் விற்கும் கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்தோம். ஒன்று எட்டு டாலர்.

* * *

"ஒரு மணி நேரம் ஃப்ரீஸர்ல வை" என்றார் அப்பா. "ஹவுசிங்கை வெயில்ல வை."

குளிரில் பேரிங் இம்மியளவு சுருங்கும்; வெயிலில் அலுமினிய ஹவுசிங் இம்மியளவு விரியும். அந்த இம்மிதான் அடியை மிச்சம் பிடிக்கும். கறிவேப்பிலை பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் அம்மாவின் குரல்: "யாருடா ஃப்ரீஸர்ல இரும்பை வெச்சது? பச்சை உடம்புக்காரி சாப்பிடற இடம்!"

காத்திருந்த நேரத்தில், மச்சான் வீட்டில் படித்த ஒரு விஷயத்தை அப்பாவுக்குச் சொன்னேன். உலகத்தின் முதல் புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்கிற ஆங்கிலேயர். வருஷம் 1830. ஊர் ஸ்ட்ரவுட், துணி ஆலைகள் நிறைந்த வட்டாரம். கம்பளித் துணியில் சிலுப்பிக்கொண்டு நிற்கும் மயிர்களைச் சீராகச் சீவும் ஆலை மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. அதில் உருளை சுற்றும். இதில் பிளேடு சுற்றுகிறது. மற்றபடி வம்சம் ஒன்றுதான்.

"மில்லுல இருந்து வந்ததா? அதானே பார்த்தேன்!" என்றார் அப்பா, பட்டிங்குக்கு ஏதோ பீளமேட்டில் சொந்தக்காரர்கள் இருப்பது மாதிரி.

பழைய பேரிங்குகளைத் தட்டி வெளியே எடுத்தேன். அதை உள்வளையத்திலேயே அடிக்கலாம். எப்படியும் குப்பைக்குப் போகிறது. புதியதை மாட்டும்போதுதான் சட்டம் மாறுகிறது.

"நல்லாக் கேட்டுக்க. எந்த வளையம் இறுக்கமா உக்காருதோ, அந்த வளையத்துலதான் தட்டணும். ஹவுசிங்ல ஏத்தறப்ப வெளிவளையம். தண்டுல ஏத்தறப்ப உள்வளையம். மாத்தித் தட்டினா அந்த அடி குண்டு வழியாப் போகும். குண்டு ஓடற பாதையில பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது."

பழைய பேரிங்கையே புதியதன் மேல் வைத்து, அதன் வெளிவளையத்தில் சுற்றிச் சுற்றித் தட்டினேன். டொக்... டொக்... டொக்... டங்.

"போதும். உக்காந்துருச்சு" என்றது போன். எட்டாயிரம் மைலுக்கு அப்பால், சத்தம் மாறியதை வைத்தே சொல்லிவிட்டார்!

இரண்டாவதையும் ஏற்றினேன். தண்டைச் சொருகினேன், புல்லியை மாட்டினேன், நட்டை இறுக்கினேன். மச்சானைப் பெருமையோடு பார்த்தபடி சுற்றினேன்.

சுற்றவில்லை.

"நடுவுல ஒரு குழாய் இருந்துச்சே கண்ணு... அது எங்கே?"

தேடினோம். மூத்தவன் புல்தரையில் மல்லாந்து படுத்து, அதன் வழியாக ஆகாயத்தில் விமானம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கும் இடையே நிற்கிற அந்தக் குட்டிக் குழாய்தான் ஸ்பேஸர். அது இருந்தால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் அதன் வழியாகப் போகும். அது இல்லாவிட்டால் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி இழுபட்டு, குண்டுகளைப் பக்கவாட்டில் நசுக்கும். பார்ப்பதற்கு ஒன்றுக்கும் உதவாத வெறும் குழாய். கணக்கு எழுதுகிறவன் கண்ணில் பட்டால் இதற்கும் ஒரு வட்டம் போடுவான்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். ஹவுசிங்கிலிருந்து புதுப் பேரிங்குகளை எடுக்க வேறு வழியில்லை. உள்வளையத்தில்தான் அடிக்க வேண்டியிருந்தது. எடுத்துத் துடைத்து, விரலில் மாட்டிச் சுற்றினேன். அழகாகச் சுற்றியது இரண்டும்.

"அப்பா, நல்லாத்தான் சுத்துது. பதினாறு டாலர். குழாயை வெச்சு இதையே போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

போனில் சத்தம் இல்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"தூக்கிப் போடு சாமி."

"நல்லா இருக்குப்பா."

"இன்னைக்கு நல்லாத்தான் சுத்தும். அடி வாங்கினது எனக்கும் உனக்கும் தெரியுமில்ல? கொஞ்ச நாள் கழிச்சுக் கத்தும். இல்ல, ஓடறப்பவே இறுகும். குழந்தைங்க விளையாடற இடம்."

எனக்குச் சொரேலென்றது. பிளேடின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல் வேகம் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. நம் கணக்கில் மணிக்கு 347 கிலோமீட்டர். அந்த எல்லையை ஒட்டிச் சுழலக்கூடிய இரும்பைத்தான் இந்த இரண்டு வளையங்களும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்பா தொடர்ந்தார், சாதாரணமாக, டீ குடித்துக்கொண்டே. "நம்ம பட்டறையில பசங்க தொழில் கத்துக்கறப்ப இப்படித்தான் மாசம் பத்து, இருபது போகும். அதை பார்ட்டி தலையில கட்ட முடியுமா? இல்ல, பசங்க சம்பளத்துல பிடிக்க முடியுமா? தூக்கிப் போட்டுட்டு நம்ம காசுல புதுசு போட்டுக் கொடுப்பேன். அதைத்தான் கணக்குல 'சேதம்'னு எழுதுவேன்."

மார்ச் மாதம், 3,840 ரூபாய்.

கையில் அந்த இரண்டு பேரிங்குகளோடு நின்றுகொண்டிருந்தேன். மச்சான் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரி, புதுசு வாங்கக் கார் சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு தொழிலுக்கு இருக்கும் நல்ல பெயருக்குக் கணக்கியலில் குட்வில் என்று பெயர். சொத்துப் பக்கத்தில் வரும். ஆனால் ஒரு நிபந்தனை: இன்னொருவரிடம் விலை கொடுத்து வாங்கியதாக இருந்தால்தான் எழுதலாம். நீங்களே சம்பாதித்த நல்ல பெயரைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக் கூடாது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்பா முப்பது வருஷம் சம்பாதித்த சொத்து, அவர் நோட்டில் எழுத இடமில்லாமல், சேதம் என்கிற பெயரில் செலவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் நான் சிவப்பு வட்டம் போட்டேன். நானும் அக்கறையோடுதான் அடித்தேன். வளையம் மாறிவிட்டது.

"ஏம்ப்பா... அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்தார். "நீ கேட்டது கணக்கு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."

* * *

மச்சான் திரும்பி வந்தபோது மணி இரண்டு. கோவையில் இரவு பதினொன்றரை. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிற அப்பா, சார்ஜரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை ஒரு பேரிங், குழாய், இன்னொரு பேரிங் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற்றினேன். ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. கிரீஸ் கன்னை மாட்டி, பிராயச்சித்தம் செய்கிறவன் மாதிரி அடிக்க ஆரம்பித்தேன்.

"நிறுத்து, நிறுத்து! தாளிக்கறியா?"

விஷயம் இதுதான். இரண்டு பக்கமும் மூடிய பேரிங்கில், நிப்பிள் வழியாக அடிக்கிற கிரீஸ் குண்டுகளுக்குப் போய்ச் சேராது. ஹவுசிங்கின் வெற்றிடத்தில்தான் நிரம்பும். வாசல் இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. மேலும் மேலும் அடித்தால் மூடியைப் பிதுக்கிவிடும். நிப்பிளிலிருந்து கிரீஸ் போகட்டும் என்று உள்பக்க மூடியை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் கம்பெனி வைத்த கிரீஸும் நாம் அடிக்கிற கிரீஸும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். லித்தியம் கிரீஸையும் பாலியூரியா கிரீஸையும் கலந்தால், பல சமயம் இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிடும்.

"கிரீஸுக்கும் பொருத்தம் பார்க்கணும். உனக்குத்தான் ஒண்ணும் அமைய மாட்டேங்குது" என்று சந்தடி சாக்கில் என் கல்யாணத்தையும் இழுத்தார். உள்ளே என்ன கிரீஸ் என்று தெரியாததால் மூடியைத் தொட வேண்டாம், ரெண்டு அடி போதும் என்று தீர்ப்பு.

பிளேடை சரியான பக்கம் பார்த்து மாட்டி, புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். போட்டோவைப் பார்த்து பெல்ட்டை மாட்டினோம். வண்டியைக் கிளப்பினார் மச்சான். பிளேடு சுற்றியது. எஞ்சின் சத்தம்... அது மட்டும்தான்.

போனை டெக்கின் பக்கம் நீட்டினேன். அப்பா கண்ணை மூடி இரண்டு நிமிஷம் கேட்டார். அக்காவின் ஜன்னல் திறக்கவில்லை.

"சரி, நிறுத்து. பெட்ரோல் வீண்" என்றார். அப்புறம், கட் பண்ணுவதற்கு முன்னால், "சாப்ட்டியா?" என்றார்.

"இனிமேதான்ப்பா" என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாடு, அம்மாவின் ரசம், அங்கே கிடைக்கிற தக்காளியின் புளிப்பு என்று கால் மணி நேரம் பேசினேன்.

* * *

ஊர் திரும்பியபின், வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பழைய மேஜையைப் போட்டேன். அப்பா கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டு கிரைண்டர் வந்தது. அப்புறம் தெருவிலிருந்து ஒன்றிரண்டு. இப்போது ஐ.டி.ஐ. படிக்கிற இரண்டு பையன்கள் சாயங்காலம் வந்து கற்றுக்கொள்கிறார்கள். வருமானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேக்கரியில் டீ மட்டும் நின்றுபோயிற்று. வேலை இருக்கிறதாம், நேரமில்லையாம்.

கணக்கு நான்தான் எழுதுகிறேன். நீள நோட்டு, மூலையில் மஞ்சள், ஓரமாக அதே பத்தி. போன மாதம் பேரிங் சேதம் 640 ரூபாய். சிவப்பு வட்டம் போடவில்லை.

அதில் 420 நான் செய்தது.